காமிக் சான்ஸ்னா ஏன் எல்லாரும் சிரிக்கிறாங்க? தமிழ்ல அந்த மாதிரி ஃபான்ட் ஏதாவது இருக்கா?

சிலேட்டுக்குச்சி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இன்னிக்கு ஒரு கடுப்புல கணக்கு தொறந்து எழுதுறேன். வீட்டுல டியூஷன் எடுக்குறேன், ஒண்ணாவதுலேர்ந்து மூணாவது வரைக்கும் 11 பிள்ளைங்க. வாரத்துக்கு ரெண்டு ஒர்க்‌ஷீட் நானே வேர்டுல அடிச்சு தெருமுனைக் கடைல ஜெராக்ஸ் எடுத்துக் குடுப்பேன். இங்கிலீஷுக்கு எப்பவும் காமிக் சான்ஸ்ங்கிற ஃபான்ட்தான், அஞ்சாறு வருஷமா மாத்தினதே இல்ல. போன வாரம் என் நாத்தனார் பையன் வந்திருந்தான், பெங்களூர்ல டிசைனரா இருக்கான், ஒர்க்‌ஷீட்ட எடுத்துப் பாத்துட்டு "ஐயோ அத்தை, இந்த ஃபான்ட்ட மொதல்ல டெலீட் பண்ணுங்க"ன்னு விழுந்து விழுந்து சிரிக்கிறான். ஏன்டான்னு கேட்டா சரியா சொல்லத் தெரியல, உலகமே சிரிக்குதுங்கிறான்.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, அதுல அப்படி என்னதான் தப்பு? ரெண்டு, அதே ஷீட்ல தமிழ் வரியையும் செலக்ட் பண்ணி காமிக் சான்ஸ் குடுத்தா பேரு மட்டும் மேல மாறுது, எழுத்து மாறவே மாட்டேங்குது. நான் ஏதாவது தப்பா பண்றேனா?

நடுநிசி_டிடிபி:

டீச்சர், ரெண்டாவது கேள்விக்கு மொதல்ல வர்றேன், அது என் பொழப்பு. நீங்க எந்தத் தப்பும் பண்ணல. காமிக் சான்ஸுக்குள்ள தமிழ் எழுத்தே கிடையாது. நீங்க அந்த ஃபான்ட்ட குடுத்ததும் வேர்டு உள்ள தேடிப் பாக்கும், 'அ' இல்ல, 'ஆ' இல்ல, சரி இருக்கிறத வச்சு ஒப்பேத்துவோம்னு விண்டோஸ் கூடவே வர்ற தமிழ் ஃபான்ட்ல காட்டிரும். பழைய எக்ஸ்பின்னா லதா, இப்போ உள்ள சிஸ்டம்னா பெரும்பாலும் நிர்மலா யூஐ. போதாக்குறைக்கு வேர்டுல தமிழுக்குன்னு ஃபான்ட் பெட்டியே தனி, காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்னு ஒண்ணு கீழ இருக்கும், அதுல மாத்தினாத்தான் தமிழ் மாறும். அதுல எந்தத் தமிழ் ஃபான்ட் போடலாம்ங்கிறது வேற கதை, அத அப்புறம் பேசுவோம்.

முதல் கேள்விக்கு நான் வாய் தொறக்கல, அதுக்குன்னே இங்க ஒருத்தர் இருக்கார், வாசன புடிச்சுட்டு வந்துருவார் பாருங்க.

கெர்னிங்_கிறுக்கன்:

வந்துட்டேன்.

மேடம், உங்க மருமகன் சிரிச்சது ஓவர், ஆனா காரணம் இல்லாம சிரிக்கல. காமிக் சான்ஸ்ல சின்ன எழுத்து ஒரு வரி அடிச்சு 72 பாயின்டுக்குப் பெருசாக்கிட்டு கொஞ்சம் தள்ளி உக்காந்து கண்ண இடுக்கிப் பாருங்க. வரி ஒரே சாம்பல் நிறப் பட்டையா தெரியணும், அதுதான் நல்லா இழைச்ச ஃபான்ட்டுக்கு லட்சணம். இதுல அங்கங்க திட்டுத்திட்டா கருப்பு தெரியும். கோட்டோட தடிமன் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி, சரி, ஆனா ரெண்டு கோடு சேர்ற இடத்துல மை கூடுற மாதிரி கண்ணுக்குத் தெரியும், அங்க கொஞ்சம் சீவிவிடணும். நல்ல ஃபான்ட் எல்லாத்துலயும் சீவி இருப்பாங்க, நம்ம கண்ணுக்கே தெரியாது. இதுல அந்த வேலை நடக்கல. அதே மாதிரி எழுத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளியும் ஒழுங்கில்ல, ஒரு ஜோடி ஒட்டி நிக்கும், அடுத்தது முறைச்சுக்கிட்டு நிக்கும்.

இன்னொண்ணு, கையெழுத்து மாதிரி நடிக்குது ஆனா கையெழுத்து இல்ல. யாரோட கை, எந்தப் பேனா, எதுவும் தெரியாது. தடி மார்க்கரால எழுதின மாதிரி முனை உருண்டை, அவ்வளவுதான் குணம்.

ஒரு சின்ன விஷயம், இந்தப் பேர்ல இருக்கிற சான்ஸ் வாய்ப்புங்கிற சான்ஸ் இல்லங்க, பிரெஞ்சுல 'இல்லாம'ன்னு அர்த்தம். எழுத்து முனைல கால் வச்ச மாதிரி சின்னக் கோடு வரும்ல, செரிஃப், அது இல்லாததுன்னு சொல்ல வர்றாங்க.

பழைய_மானிட்டர்:

கிறுக்கன் தம்பி சொன்னது அத்தனையும் சரி, ஆனா பாதிதான் சொன்னார். இந்த எழுத்து எதுக்குப் பொறந்துச்சுன்னு தெரியாம அத திட்டக் கூடாது.

1994. மைக்ரோசாஃப்ட்ல பாப்னு ஒரு மென்பொருள் தயார் பண்றாங்க. கம்ப்யூட்டர்னாலே பயப்படுற ஜனங்களுக்காக. திரைல ஒரு வீடு மாதிரி படம், மேசை மேல இருக்கிற பேனாவ தொட்டா கடிதம் எழுதலாம், காலண்டர தொட்டா தேதி பாக்கலாம், வழிகாட்ட ரோவர்னு ஒரு கார்ட்டூன் நாய். நாய் பேசுறது பலூனுக்குள்ள வரும். அந்த பலூனுக்குள்ள என்ன எழுத்து போட்டிருந்தாங்கன்னா டைம்ஸ் நியூ ரோமன்! லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்காக 1930 வாக்குல பண்ண எழுத்து, அதுல ஒரு மஞ்ச நாய் வாலாட்டிக்கிட்டு வாங்க வாங்கன்னு கூப்பிடுது. அங்க எழுத்துப் பிரிவுல வேலை பாத்த வின்சென்ட் கானேர் இத சோதனைக்கு வாங்கிப் பாத்துட்டு, நாய் இப்படிப் பேசாதேன்னு, ஆபீஸ்ல கிடந்த பேட்மேன், வாட்ச்மென் காமிக்ஸ் புக்குகள பாத்து மவுஸ வச்சே திரைல வரைஞ்சதுதான் இது.

இதுல வேடிக்கை என்னன்னா கடைசில அந்த நாய்க்கே இது போய்ச் சேரல. புது எழுத்து டைம்ஸவிட அகலம், ஏற்கெனவே டைம்ஸுக்கு அளந்து வச்ச பலூன்ல அடங்கல, நேரமும் ஆயிருச்சு. 1995 மார்ச்சுல பாப் பழைய எழுத்தோடயே வந்து, சீக்கிரமே ஊத்தி மூடிட்டாங்க. எழுத்து மட்டும் பொழைச்சுது. த்ரீடி மூவி மேக்கர்னு பசங்களுக்கான ஒரு சாஃப்ட்வேர்ல போச்சு, விண்டோஸ் 95 பிளஸ் பேக்ல போச்சு, அப்புறம் எல்லா கம்ப்யூட்டர்லயும் உக்காந்துக்கிச்சு.

அப்புறம் தம்பி, கருப்பு திட்டு திட்டுன்னு சொல்றீங்களே, நீங்க பாக்குறது இன்னிக்கு இருக்கிற வழவழ திரைல. நான் 95ல பாத்தது 14 இன்ச் டப்பா மானிட்டர், ஒவ்வொரு புள்ளியும் எண்ணலாம், 12 பாயின்ட்ல ஒரு கோடு ஒரு புள்ளி தடிமன், அவ்வளவுதான் கணக்கு. சீவுறதாவது இழைக்கிறதாவது. அந்தத் திரைல புத்தகத்துக்குன்னு செஞ்ச எழுத்துகள் பல்லிளிச்சுது, இது பளிச்சுன்னு நின்னுச்சு. கானேர் அந்தத் திரைக்குத்தான் செஞ்சார். அத ஃப்ளெக்ஸ்ல பத்தடிக்கு இழுத்தது நாம.

உருளைக்கிழங்கு_போண்டா:

ஆக மொத்தம் நாய்க்குன்னு தைச்ச சட்ட, நாய்க்கு சைஸ் பத்தல, நாம போட்டுக்கிட்டு திரியுறோம் 😂

கெர்னிங்_கிறுக்கன்:

@பழைய_மானிட்டர் சார், திரை விஷயம் ஒத்துக்குறேன், அந்தக் கோணத்துல நான் யோசிக்கல. நான் மொத கம்ப்யூட்டர் பாக்கும்போதே தட்டைத் திரை வந்துருச்சு.

ஆனா ஜனங்க கடுப்பாக ஆரம்பிச்சதே இடம் தெரியாம போட்டதாலதான். அமெரிக்கால இண்டியானாபொலிஸ்ல ஒரு டிசைனர் தம்பதி, டேவ் கோம்ஸ், ஹாலி கோம்ஸ், 1999ல குழந்தைங்க மியூசியம் ஒண்ணுக்கு வேலை செய்யும்போது இத போட்டே ஆகணும்னு மேல இருந்து சொல்லிட்டாங்களாம். அந்தக் கடுப்புல காமிக் சான்ஸ தடை செய்னு இணையத்துல ஒரு இயக்கமே ஆரம்பிச்சாங்க. குழந்தைங்க மியூசியத்துல போடாம வேற எங்க போடுறதுன்னு நீங்க கேப்பீங்க, நியாயம்தான், பின்னால அவங்களே மனசு மாறி பயன்படுத்துங்கன்னு சொல்லிட்டாங்க.

இதவிட பெரிய கூத்து 2010ல. கூடைப்பந்து ஆட்டக்காரர் லெப்ரான் ஜேம்ஸ் க்ளீவ்லேண்ட் டீம விட்டுட்டுப் போறார். டீம் ஓனர் டான் கில்பர்ட் கொதிச்சுப்போய் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் வெளியிடுறார், துரோகம் அது இதுன்னு அனல் பறக்குது. மொத்தக் கடிதமும் காமிக் சான்ஸ். ஊரே கடிதத்த விட்டுட்டு எழுத்தப் பாத்து சிரிச்சுது. கோவத்துல கத்துறவர் வாய்ல பீப்பீ இருந்த மாதிரி ஆயிருச்சு.

அணுவைத்_துளைத்து:

அதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன். 2012 ஜூலை 4, ஐரோப்பாவோட துகள் இயற்பியல் ஆய்வுக்கூடம் செர்ன்ல ஹிக்ஸ் போஸான் மாதிரி ஒரு துகள் கிடைச்சிருக்குன்னு அறிவிக்கிற கூட்டம். நாங்க காலேஜ்ல லேப்டாப் முன்னால குமிஞ்சு உக்காந்து பாத்துட்டு இருந்தோம். அங்க சோதனை நடத்தின அட்லஸ் குழு சார்பா ஃபாபியோலா ஜியானோட்டி வந்தாங்க, ஸ்லைடு ஓப்பன் ஆச்சு, காமிக் சான்ஸ். பல வருஷமா தேடின துகள், கிராஃப், பிழை வரம்பு, எல்லாம் அந்த எழுத்துல. எங்க ஹெச்ஓடி மட்டும் எதையும் கவனிக்கல, அவருக்கு எண்தான் முக்கியம். ட்விட்டர்ல பாதி பேர் துகள விட்டுட்டு எழுத்தப் பத்தி பேசினாங்க. அந்தம்மா எதையும் கண்டுக்கல, 2016ல செர்னுக்கே டைரக்டர் ஜெனரல் ஆயிட்டாங்க. நடுவுல 2014 ஏப்ரல் 1 அன்னிக்கு செர்ன்காரங்களே இனிமே எங்க எல்லா அறிவிப்பும் காமிக் சான்ஸ்லதான்னு ஏப்ரல் ஃபூல் வேற பண்ணாங்க.

எனக்கு அப்போ தோணினது, சொல்ற விஷயத்துல கனம் இருந்தா எழுத்து எப்படி இருந்தா என்ன. கில்பர்ட் கடிதத்துல கனமே இல்ல, அதான் எழுத்து மேல வந்து நின்னுச்சு.

கெர்னிங்_கிறுக்கன்:

இல்ல நண்பா, இத ஒத்துக்க முடியாது. அந்தம்மா செர்ன்ல இருந்ததால தப்பிச்சாங்க. வேலைக்கு அப்ளிகேஷன் போடுற ஒரு சாதாரணப் பையன் அதே எழுத்துல பயோடேட்டா அனுப்பினா பிரிச்சுக்கூட பாக்க மாட்டாங்க. எழுத்து குரல் மாதிரி. பெரிய மனுஷன் மழலைல பேசினா ரசிப்பாங்க, நம்ம பேசினா கிறுக்குன்னுவாங்க.

சிலேட்டுக்குச்சி:

இவ்ளோ பேர் பதில் போடுவீங்கன்னு நினைக்கல, நன்றி. நாய் கதைய பிள்ளைங்ககிட்ட சொன்னேன், ரோவர் படம் வேணும்னு ஒரே ரகளை.

ஆனா நான் ஏன் அத எடுத்தேன்னு யாரும் கேக்கலயே. அழகுக்காக இல்லங்க. ஏபிசிடில முதல் எழுத்து சின்னதுல, நான் போர்டுல எழுதித் தர்றது ஒரு வட்டம், பக்கத்துல ஒரு குச்சி. புக்குல அச்சாகி வர்றதோ மேல ஒரு கொக்கி வளைஞ்சு தொங்குது, கீழ ஒரு தொப்ப. ஒண்ணாவது படிக்கிற பிள்ளைக்கு அது ரெண்டும் ஒரே எழுத்துன்னு எப்படித் தெரியும்? மொத வருஷம் ஒரு பையன் அத '2'ன்னே வாசிச்சான். வேர்டுல இருந்த ஃபான்ட் ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தேன், நான் எழுதுற மாதிரியே வட்டமும் குச்சியுமா வந்தது இதுலதான். அன்னிலேர்ந்து இதுதான்.

சிறப்புப்பள்ளி_ராதா:

டீச்சர் கைய குடுங்க. பத்து வருஷமா வாசிப்புல சிரமப்படுற, டிஸ்லெக்சியா இருக்கிற பிள்ளைங்களோட வேலை பாக்குறேன், நாங்களும் இதே காரணத்துக்குத்தான் எடுக்குறோம். பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் குடுத்திருக்கிற வழிகாட்டில ஏரியல், வெர்டானா, டஹோமா இதுங்களோட காமிக் சான்ஸும் இருக்கு. இங்கிலீஷ்ல பெரிய ஐ-யும் சின்ன எல்-லும் ஏரியல்ல ரெண்டுமே வெறும் குச்சி, வித்தியாசமே தெரியாது. இதுல பெரிய ஐ-க்கு மேலயும் கீழயும் பட்டை இருக்கு. சின்ன b, சின்ன d ரெண்டும் கண்ணாடில பாத்த மாதிரி அச்சு அசலா திருப்பிப் போட்டதா இருக்காது, லேசா கோணல் மாறும். கிறுக்கன் சார் ஒழுங்கில்லன்னு சொன்னாரே, அந்த ஒழுங்கின்மையே சில பிள்ளைங்களுக்குக் கைப்பிடி.

ஆனா இதுதான் மருந்துன்னு எடுத்துக்காதீங்க. 2012ல இத்தாலி, பிரான்ஸ் பிள்ளைங்கள வச்சுப் பண்ண ஆய்வுல எழுத்துக்கு நடுவுல இடைவெளி கூட்டினாலே டிஸ்லெக்சியா பிள்ளைங்க வேகமாவும் தப்பு கம்மியாவும் வாசிச்சாங்க. அதனால மொதல்ல இடைவெளி, எழுத்து சைஸ், அப்புறம்தான் ஃபான்ட். இன்னொரு வேடிக்கை கேளுங்க, பிரின்ஸ்டன்காரங்க பண்ண ஒரு ஆய்வுல, வாசிக்கக் கஷ்டமா இருந்தா மனசுல நல்லா நிக்குமான்னு சோதிக்க கஷ்டமான ஃபான்ட் தேடி, எடுத்ததுல ஒண்ணு காமிக் சான்ஸ மங்கலாக்கினது! ஒரு கூட்டத்துக்கு அது சுலபம், இன்னொரு கூட்டத்துக்கு அதுவே கஷ்டத்துக்கு உதாரணம். அந்த முடிவும் பின்னால மத்தவங்க செஞ்சு பாத்தப்போ எல்லா இடத்துலயும் நிக்கல.

தமிழ்ல சிக்கல் வேற. பிள்ளைங்க தடுமாறுறது ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்புல. கெ, கே. வித்தியாசம் மேல ஒரு குட்டிச் சுழி, அவ்வளவுதான். ஜெராக்ஸ் மெஷின்ல டோனர் கொஞ்சம் அப்பினா அந்தச் சுழி அடைஞ்சு போயிரும், 'கேட்டான்' 'கெட்டான்' ஆயிரும். நீங்க தமிழுக்கு எந்த ஃபான்ட் எடுத்தாலும் மொதல்ல 'கெ கே பெ பே தெ தே'ன்னு அடிச்சு, உங்க கடை மெஷின்லயே ஒரு காப்பி போட்டு, அந்தச் சுழி தொறந்திருக்கான்னு பாருங்க. திரைல பாத்து முடிவு பண்ணாதீங்க.

நடுநிசி_டிடிபி:

கெட்டான் கேட்டான் 😄 இது ப்ரூஃப் பாக்குறவனோட தினசரி கண்டம்.

இடம் தெரியாம எழுத்து போடுறதப் பத்தி பேசினீங்கள்ல, என் தப்பு ஒண்ணு சொல்றேன், இத்தன வருஷம் ஆச்சு இன்னும் தூக்கத்துல வரும். அன்னிக்கு சாயங்காலம் பூரா மொத பொறந்தநாள் ஃப்ளெக்ஸ், துள்ளிக் குதிக்கிற மாதிரி ஒரு தமிழ் எழுத்து, ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் சாஞ்சு நிக்கும், பலூன், கரடி பொம்ம எல்லாம் போட்டு முடிச்சேன். ராத்திரி 11 மணிக்கு ஒரு பையன் வர்றான், அப்பா தவறி பதினாறாம் நாள் காரியம், விடியுறதுக்குள்ள நூறு நினைவு அட்டை வேணும்ங்கிறான். அவசரத்துல கோரல்டிராவுல அதே ஃபைல சேவ் ஆஸ் போட்டு, படத்த எல்லாம் தூக்கி, மேட்டர அடிச்சு, கலர கருப்பாக்கி, பிரிண்ட்டும் குடுத்துட்டேன். ஃபான்ட் மாத்தல. 'இதய அஞ்சலி'ல 'இ' ஒரு பக்கம் குதிக்குது 'ஞ்' ஒரு பக்கம் குதிக்குது. பையன் அட்டைய கைல வாங்கி ரொம்ப நேரம் பாத்தான். சத்தம் போடல. "அண்ணே, எங்கப்பாவுக்குப் பொறந்தநாள் இல்லண்ணே"ன்னான்.

காசு வாங்காம திரும்ப அடிச்சுக் குடுத்தேன். வார்த்தை ஒண்ணுகூட மாறல, எழுத்து மட்டும்தான் மாறுச்சு. @அணுவைத்_துளைத்து, கனம் இருந்தா எழுத்து எப்படி இருந்தா என்னன்னு கேட்டீங்களே, அதுக்குத்தான் சொல்றேன்.

அணுவைத்_துளைத்து:

சரிண்ணே. வாபஸ்.

தோணிக்கால்:

நான் திருகோணமலைப் பக்கம். இவ்வளவு கதைச்சும் ஒருத்தரும் கவிவாணர் எழுத்துருவைச் சொல்லேல்லயே எண்டு ஆச்சரியமாக் கிடக்கு. எங்கட இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் செய்தது, கூகுள் ஃபான்ட்ஸில இலவசமாக் கிடக்கு, தமிழும் இருக்கு, அதோட பொருந்துற மாதிரி ஆங்கிலமும் இருக்கு. கொஞ்சம் வலப்பக்கம் சாய்ஞ்சு, கடிதம் எழுதின மாதிரி இருக்கும். நான் கலியாண அழைப்பிதழுக்கு, கவிதைப் படங்களுக்கு எல்லாம் பாவிக்கிறன். முகநூலில ஒரு வரிக் கவிதை போடுறதெண்டா அதுதான்.

முந்தி எங்களிட்ட பாமினிதான் எல்லாத்துக்கும். ஆங்கில எழுத்துகளுக்கு மேல தமிழ் முகமூடி போட்ட மாதிரி, அந்த எழுத்துரு இல்லாத கணினியில திறந்தால் முழுக்க கிறுக்கலாத் தெரியும். இப்ப ஒவ்வொரு எழுத்துக்கும் பொது எண் குடுக்கிற யூனிகோடு வந்தபிறகு அந்தத் தலையிடி இல்லை. ஆனால் டீச்சர், சின்னப் பிள்ளைகளுக்கு எண்டால் சாய்ஞ்ச எழுத்து சரிவராது எண்டு நினைக்கிறன். அதுகள் இன்னும் நேரா எழுதவே படிக்கேல்ல.

கெர்னிங்_கிறுக்கன்:

கவிவாணர் நல்ல சாய்ஸ், நான் மறந்தே போனேன். பாலூ தம்பின்னு ஒண்ணு இருக்கு, உருண்டு திரண்டு குண்டா இருக்கும், கையெழுத்து இல்ல, ஆனா தலைப்புக்கு பிள்ளைங்க ஷீட்ல நல்லா உக்காரும். அரிமா மதுரை கொஞ்சம் மென்மை. எல்லாமே இலவசம், ஓப்பன் லைசென்ஸ். இங்கிலீஷுக்கு மாத்தணும்னு மனசு வந்தா காமிக் நியூன்னு 2014ல கிரெய்க் ரோஸின்ஸ்கி பண்ணது இருக்கு, உங்க காமிக் சான்ஸயே குளிப்பாட்டி தலை சீவிவிட்ட மாதிரி, வட்டமும் குச்சியும் அப்படியே இருக்கும். உங்க மருமகன் சிரிக்க மாட்டான்.

ஆனா தமிழ்ல நல்ல கையெழுத்து ஃபான்ட் ஏன் கைவிரல் எண்ணிக்கைல இருக்குன்னா வேலை அப்படி. இங்கிலீஷ்ல பெருசு 26 சின்னது 26, 52 வரைஞ்சா அடிப்படை முடிஞ்சுது. தமிழ்ல உயிர் 12, ஆய்தம் ஒண்ணு. அகர வரிசை 18. அதுக்குப் புள்ளி வச்சது 18. கி வரிசை 18, கீ வரிசை 18, இதுல கொக்கி ஒவ்வொரு எழுத்துலயும் ஒவ்வொரு இடத்துல ஒட்டும். கு வரிசை 18, கூ வரிசை 18, இதுதான் கொடுமை, கு ஒரு மாதிரி வளையும், சு ஒரு மாதிரி இறங்கும், மு சுத்திக்கிட்டு வரும், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. ஆக 121. அப்புறம் துணைக்கால், ரெண்டு கொம்பு, இணைக்கொம்பு, ஔகாரத்துக்கு வர்ற சின்ன ள, அஞ்சு. 126. கிரந்தம் தனி.

இதோட முடியாது. நிஜக் கையெழுத்துல ஒரே எழுத்து ரெண்டு தடவை ஒரே மாதிரி வராது. 'அம்மம்மா'ன்னு எழுதிப் பாருங்க, ரெண்டு 'ம்' வரும், மொத 'ம்' புள்ளி உச்சில இருந்தா ரெண்டாவது லேசா தள்ளி விழுந்திருக்கும். ஃபான்ட்ல ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு, அங்கதான் வேஷம் கலையும். தமிழ்ல ஒற்று இரட்டிக்கிறது கொஞ்சமா நஞ்சமா, ஒரு வரில நாலு 'க்' நாலு 'த்' வரும். அதனால ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு மாற்று உருவம் வரைஞ்சு மாறி மாறி வர்ற மாதிரி உள்ள எழுதணும், ஓப்பன்டைப்ங்கிற ஃபான்ட் வடிவத்துல அதுக்கு வழி இருக்கு. 126ஐ மூணால பெருக்கிக்கோங்க. யாரு செய்வா, செஞ்சா யாரு காசு குடுப்பா.

தபால்கார_தாத்தா:

நான் 68 வயசுக்காரன், ஃபான்ட்டு கீன்ட்டு தெரியாது, பேத்தி காட்டினா வாசிச்சேன். ஒண்ணு சொல்லணும்.

நீங்க 'கையெழுத்து மாதிரி'ன்னு சொல்ற எந்த எழுத்துலயும் எங்க கையெழுத்து இல்ல. நான் இன்னிக்கும் 'லை' எழுதினா யானைத் தும்பிக்கை மாதிரி மேல தூக்கி வளைச்சுத்தான் எழுதுவேன். 'னை', 'ணை', 'ளை' எல்லாமே அப்படித்தான். 1978ல எம்ஜிஆர் ஆட்சில பெரியார் சொன்ன சீர்திருத்தத்த அரசாணையா போட்டு அச்சுல மாத்திட்டாங்க, சரி, டைப்ரைட்டருக்கும் அச்சுக் கோக்குறவனுக்கும் நல்லதுதான். எங்க கை மாறல. இன்லேன்ட் லெட்டர் எத்தன ஆயிரம் பாத்திருப்பேன், விலாசத்துல 'திருவண்ணாமலை' எழுதினா அந்த 'லை'ய வச்சே எழுதினது வயசானவங்களா, ஸ்கூல் பிள்ளையான்னு சொல்லிருவேன். 'ர'வுக்குக் கீழ கால் இழுக்காம துணைக்கால் மாதிரியே விட்டுருவாங்க, 'கார்'ல ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும், ஆனா வாசிச்சுருவோம், பழக்கம்.

கெர்னிங்_கிறுக்கன்:

ஐயா, இத நான் சத்தியமா யோசிச்சதே இல்ல. யூனிகோடுல பழைய 'லை'க்கும் புது 'லை'க்கும் எண் ஒண்ணுதான், எந்த உருவத்துல காட்டணும்னு ஃபான்ட்தான் முடிவு பண்ணும். அதனால ஒரே ஃபான்ட்டுக்குள்ள ரெண்டும் வச்சு வேணுங்கிறவங்க தும்பிக்கைய எடுத்துக்கலாம். உங்க கையால அந்த நாலு எழுத்து மட்டும் வெள்ளைத் தாள்ல கருப்பு பேனால எழுதி பேத்திகிட்ட போட்டோ எடுக்கச் சொல்லி இங்க போடுங்க, பெரிய மனசு பண்ணி.

உருளைக்கிழங்கு_போண்டா:

தாத்தாவ ஃபான்ட் ஆக்காம விட மாட்டீங்க போல

சிலேட்டுக்குச்சி:

அஞ்சு நாள் கழிச்சு வர்றேன், பிள்ளைங்களுக்கு மிட்டேர்ம். நடந்தத சொல்றேன்.

ராதா மேடம் சொன்ன மாதிரி 'கெ கே பெ பே' அடிச்சு நாலு ஃபான்ட்ல ஒரே தாள்ல கடைல காப்பி போட்டேன். கடைக்கார அண்ணன் என்ன டீச்சர் மந்திரமான்னு கேட்டார். கவிவாணர் அழகு, ஆனா தோணிக்கால் சொன்னது சரி, பிள்ளைங்க தாளையே சாய்ச்சு வச்சு வாசிக்குதுங்க. பாலூ தம்பி 20 பாயின்ட் போட்டா சுழி நல்லா தொறந்து நிக்குது, சின்னதாக்கினா குண்டு எழுத்துல சுழி நெருங்கிருது. அதனால தலைப்புக்கு பாலூ, கீழ வாக்கியத்துக்கு நிர்மலாவையே பெருசாக்கி இடைவெளி கூட்டிட்டேன். இங்கிலீஷுக்கு காமிக் நியூ போட்டேன், யாருக்கும் வித்தியாசம் தெரியல, ஒரு பொண்ணு மட்டும் "மிஸ் இன்னிக்கு எழுத்து ஒல்லியா இருக்கு"ன்னா.

கரண்ட் இல்லாத ஒரு நாள் ஸ்கெட்ச் பேனால நானே தாள்ல எழுதி அதையே ஜெராக்ஸ் போட்டேன். அன்னிக்குத்தான் எல்லாரும் தப்பில்லாம வாசிச்சாங்க. போர்டுல பாத்த அதே எழுத்துல்ல. இத நாத்தனார் பையன்கிட்ட சொன்னதும் அவன் இப்போ சிரிக்கல, உங்க கையெழுத்தையே ஃபான்ட்டாக்குவோம் அத்தைன்னு கட்டம் போட்ட தாள் அனுப்பிட்டான், ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு எழுத்து எழுதணுமாம், 126. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உக்காந்து எழுதுறேன். என் வீட்டுக்காரர் இம்போசிஷனான்னு கேக்குறார்.

க வரிசை முடிஞ்சுது. ங வரிசைல மாட்டிக்கிட்டேன். 'ஙு', 'ஙூ' எப்படி எழுதுறதுன்னு எனக்கே தெரியல, வாழ்க்கைல எழுதினதே இல்ல.

நடுநிசி_டிடிபி:

நானும் அடிச்சதே இல்ல டீச்சர், இத்தன வருஷத்துல ஒரு கஸ்டமர்கூட கேட்டதில்ல. ரெண்டு கட்டத்த காலியா விட்டுட்டு 'ச'வுக்குப் போங்க. 'லை' வரும்போது மட்டும் ஒரு சத்தம் குடுங்க, தாத்தா பேத்தி இன்னும் போட்டோ போடல.